முந்நூறு பேருக்கு ஓர் இடம்

நுவரெலியாவின் அந்தப் பெரிய ஹோட்டலில் மண்டபத்து விளக்குகளை வரிசை வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். கடைசி வரிசை எரிவதற்குள் சுலக்ஷனா மனதுக்குள் ஆட்களை உட்கார வைக்கத் தொடங்கியிருந்தாள். டயகமவிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பக்கம், நோட்டன் பிரிட்ஜ் ஆட்கள் அந்தப் பக்கம். தோட்ட மக்களின் வீட்டுரிமை பற்றிய மாநாடு அது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி அவளே கூப்பிட்ட முந்நூறு பேர் வரப்போகிறார்கள். சுவரில் யாருடைய கல்யாணத்துக்கோ ஒட்டிய தங்கக் கடதாசிப் பூ பாதி பிய்ந்து தொங்கியது. அழகான இடம் என்று அவளும் சொல்லமாட்டாள். ஆனால் எல்லோரும் உள்ளே உட்காரலாம்.

"உயிரே இல்லாத இடம்," என்றார் றோலண்ட். அவள் வேலை செய்யும் கொழும்பு நிறுவனத்தின் பணிப்பாளர். "வெளிநாட்டிலயிருந்து வாறவங்க இதைப் பார்க்கவா வாறாங்க? அந்த பங்களாவையும் பார்த்திட்டு முடிவெடுப்பம்."

அந்த பங்களா அவளுக்குத் தெரியாததல்ல. அவள் பிறந்த தோட்டத்துத் துரை பங்களா. வெள்ளைக்காரன் கட்டியதை ஒரு கம்பனி குத்தகைக்கு எடுத்து, பழைமை கெடாத சின்ன ஹோட்டலாக்கியிருந்தது. சிறுவயதில் மலையிலிருந்து அதன் புகைபோக்கியை மட்டும் பார்த்திருக்கிறாள். வாசல்வரை போனதில்லை. நாய் இருந்தது.

அக்கரப்பத்தனையைத் தாண்டி, வளைவுகள் ஏறி, வேன் பங்களா வாசலில் நின்றதும் ஒருத்தி தட்டில் ஈரத் துவாய்களோடு வந்தாள். சிவப்புப் பட்டுச்சேலை, கனத்த தோடு, நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிட்ட புத்தம்புதுக் கூடை. அதற்குள் தேயிலைக் கொழுந்துக்குப் பதில் ரோஜாப்பூ. குனிந்து வணக்கம் சொல்லி நிமிர்ந்தவளை சுலக்ஷனா அடையாளம் கண்டாள். நிஷாந்தி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்தவள். நிஷாந்திக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணை விலக்கி றோலண்டிடம் தட்டை நீட்டினாள்.

முகாமையாளர் இளம் சிங்களவர். மரியாதையாகவே பேசினார். நூலக அறையில் நாற்பது பேர் உட்காரலாம், மற்றவர்களுக்குப் புல்வெளியில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைக்கலாம் என்றார். வெளியில் இருப்பவர்களுக்குக் கழிவறை எங்கே என்று சுலக்ஷனா சிங்களத்தில் கேட்டாள். உள்ளே இருப்பவை விருந்தினர்களுக்கு என்றார் அவர். லயம் கீழேதானே இருக்கிறது, கொஞ்சத் தூரம் இறங்கினால் போதுமே. அவர் சொன்ன விதத்தில் துளியும் கெடுதல் இல்லை. அதனாலேயே அவளுக்குக் காது அடைத்தது.

"அது பிரச்சினை இல்ல," என்றார் றோலண்ட். "அவங்கட இடம்தானே."

அவள் அங்கே நிற்கவில்லை. பங்களாவின் பின்புறம் போனாள். அடுப்புப் புகை வந்த குசினிக் கதவருகே நிஷாந்தி கூடையை இறக்கிவைத்து, கயிறு பதிந்த நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாநாடு இங்கயா புள்ள?"

"இங்க வச்சா நம்மாளுங்க வெளிய நிக்கணும். ஒண்ணுக்குப் போக லயத்துக்கு எறங்கணுமாம். கேட்டியா அநியாயத்த?"

"நான் எங்க போறேன்னு நெனச்ச?" நிஷாந்தியின் குரல் உயர்ந்தது. "வேலைக்குச் சேந்ததுலருந்து அங்கதான் எறங்கி ஏறுறேன், இந்தச் சேலையோட. ஒனக்கு இன்னைக்குத்தான் கோவம் வருது."

"எனக்குத் தெரியாதுடி."

"லயம் லயமா வந்தியே, எங்க வீட்டுக்கு வந்தியா? பங்களா வேலைக்காரிதானேன்னு விட்டுட்ட." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இங்கயே வையி. ஆளு வரலன்னா எங்கள்ல பாதிப் பேர நிப்பாட்டப் போறாங்கன்னு பேச்சு."

சுலக்ஷனா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "வா, முன்வாசலாலயே போவோம். அந்த வெள்ளக்காரன் பாத்ரூமுக்கே போவோம். எவன் தடுக்கிறான்னு பாப்போம்."

நிஷாந்தி கையை உதறிக்கொண்டாள். "ஒனக்கென்ன, நீ வேன்ல ஏறிப் போயிருவ. ஒன் கோவத்துக்கு என் வேலையா கெடச்சுது?"

முன்பக்கம் ஒரு வாகனம் ஹோர்ன் அடித்தது. நிஷாந்தி கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, முகத்தைத் துடைத்துச் சரிசெய்துகொண்டு போனாள்.

முகாமையாளர்மேலா, றோலண்ட்மேலா, நிஷாந்திமேலா, அவள் வீட்டுக்குப் போகாத தன்மேலேயா? யார்மேல் இந்தக் கோபம் என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்து நெஞ்சில் எரிந்தது. விறாந்தையில் றோலண்ட் மலையைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்றே அவள் நுவரெலியாவின் பெரிய ஹோட்டலுக்குப் போனில் அழைத்து, மண்டபத்தைத் தங்களுக்கு ஒதுக்கச் சொன்னாள்.

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல, சேர்."

"இப்பவே கேன்சல் பண்ணுவன். உங்கட வேலையும் அதோட முடிஞ்சுது."

"பண்ணுங்க. இங்க வச்சா ஒரு ஆளும் வராது. கூப்புட்டது நானு. வராதீங்கன்னும் நானே சொல்லுவேன்." குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது. "நாப்பது கதிரைய வச்சுக்கிட்டு யாரோட வீட்டப் பத்திப் பேசப் போறீங்க?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க, சுலக்ஷனா."

அவள் வேனில் ஏறவில்லை. தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப்பாதையில் விறுவிறுவென்று நடந்தாள். ஒஃபீஸ் சப்பாத்து வழுக்கியது. செடிகள் காலைக் கீறின. பாதை முடியும் இடத்தில் பின்னேரக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் அவளுடைய அம்மா காளியாயியும் நின்றாள்.

"என்னடி நடந்து வர்ற? வேன் எங்க?"

அதற்குள் மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். "மாநாடு எங்கன்னு முடிவாயிருச்சா புள்ள?"

"நுவரெலியாவுல. பெரிய ஹோட்டல்ல. எல்லாருக்கும் உள்ளுக்குள்ளயே கதிரை."

"பஸ்ஸு போடுவாங்களா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. மண்டபமே நிலைக்குமோ தெரியாது, பஸ்ஸுக்கு யாரைக் கேட்பது?

"போடுவாங்க."

வரிசை முழுக்கப் பேச்சு கிளம்பியது. யார் யார் ஒன்றாக உட்காருவது, வளைவில் வாந்தி எடுப்பவர்கள் எந்தப் பக்கம், எந்தச் சேலை. தராசுக் கொக்கியில் சாக்கு ஒன்று ஏறி ஆடியது. முன்னால் நின்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். காளியாயி மட்டும் செடிகளில் நனைந்த இடுப்புப் படங்குத் துணியில் தண்ணீர் சொட்ட, நின்ற இடத்திலேயே நின்று மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.