இரண்டாம் இயந்திரத்தில் காத்திருப்பவள்

மாலை ஐந்து மணிக்குக் கல்லூரிச் சேர்க்கை இணையதளம் மூடப்படும். அதுவரை யாரும் அந்தக் கண்ணாடி அறையைவிட்டு நகரக்கூடாது என்பது மேலாளரின் கட்டளை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெந்நீர். எந்நேரமும் அதைக் காலில் ஊற்றிக்கொண்டவர்போலவே நிற்பார். என் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது. ஏசிக் குளிரில் விரல்கள் விறைத்துவிட்டன. இத்தனை வருடம் டேட்டாபேஸுக்குக் காவல் இருந்தவளுக்கு ஜெயில் வேறு தனியாக வேண்டுமா?

"சர்வர் செத்துப்போச்சா?" என்றார் வெந்நீர்.

"சாகல சார். ரெண்டு மெஷினும் சும்மாதான் உக்காந்திருக்கு. வேலை செய்ற நேரம் கொஞ்சம். காத்திருக்கிற நேரம்தான் மலை மாதிரி."

போன் அடித்தது. மகள். "அம்மா, பக்கம் திறக்காம சுத்திட்டே இருக்கும்மா. சீட் போயிடுமா?"

"போகாதுடி. நான் இருக்கேன்ல."

வீட்டில் நானும் அவளும்தான். உள்ளூர்க் கல்லூரி, நான் படித்த அதே கம்ப்யூட்டர் படிப்பு, வீட்டுச் சாப்பாடு. போன வருடமே முடிவு செய்துவிட்டேன்.

விண்ணப்பிப்பவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தேன். எல்லாரும் ஒரே ஒரு பக்கத்துக்காக நின்றார்கள். அந்தக் கம்ப்யூட்டர் படிப்பில் மிச்சமிருக்கும் இடங்களைக் குறித்திருந்த பக்கம். முதல் இயந்திரம் அதை வாங்கித் திருத்துவதற்குள் இரண்டாவது "கொடு" என்கிறது. கொடுத்த மறுநிமிடமே முதலாவது திருப்பிக் கேட்கிறது. ஒரே கரண்டிக்கு அடுப்படியில் இரண்டு ஓரகத்திகள். சமையல் நடந்த மாதிரிதான்!

"ரெண்டாவது மெஷின வெட்டிவிடணும் சார். எல்லாரும் ஒண்ணு வழியா போனா சரியாயிடும்."

"அப்ப வெட்டுங்கம்மா!"

"அதுல வரிசையில நிக்கிறவங்க வெளிய விழுந்துடுவாங்க. முதல்லேர்ந்து வரணும்."

"வெட்டினா பாதிப் பேர் பாவம். வெட்டலன்னா முழுப் பேரும் பாவம்" என்றார் வெந்நீர்.

எங்கள் பகுதிக்காரர்கள் எல்லாரும் இரண்டாவதில்தான் வருவார்கள். என் பெண் அங்கேதான் நிற்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் இடங்களை அள்ளிவிடுவார்கள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? எதையோ சரிபார்ப்பதுபோல நடித்து நேரம் கடத்தினேன். வெந்நீர் கொதித்தார். வேறு வழியில்லாமல் வெட்டினேன்.

திரையில் காத்திருப்பைக் காட்டும் கோடு மளமளவென்று இறங்கியது. வெளியே விழுந்தவர்கள் முதல் இயந்திரம் வழியாக வந்தார்கள். வந்தவுடன் வேலை முடிந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் காத்திருப்பவர் எவரும் இல்லை. இடங்கள் இன்னும் சில பாக்கி இருந்தன.

மறுபடி போன். "அம்மா, இன்னும் சுத்திட்டே இருக்கும்மா."

திரையைப் பார்த்தேன். வெட்டுப்பட்டிருந்தால் அவளுக்கு 'மறுபடி உள்ளே வாருங்கள்' என்று வந்திருக்க வேண்டும். அவள் உள்ளே வந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். இப்போது யாருக்கும் எதுவும் சுற்றவில்லை.

"நீ உள்ளயே போகலயாடி?"

"காலையிலேர்ந்தே போகலம்மா."

"ஏன்?"

"சொன்னா நீ கேப்பியா? எனக்கு அந்தப் படிப்பு வேணாம்மா. உன்ன மாதிரி ஒரு ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்க என்னால முடியாது. சுத்திட்டே இருந்துச்சு, அஞ்சு மணி ஆயிடுச்சுன்னு சொல்லிட்டா, பழி சர்வர் மேல போயிடும்னு நெனச்சேன்."

அடிப்பாவி! அந்தச் சர்வரே நான்தானே. ஆத்திரம் தலைக்கேறியது. அவள் பதிவு எண் எனக்கு மனப்பாடம், கடவுச்சொல் நான் வைத்தது. பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. எண்ணை அடித்தேன்.

"அம்மா." அவள் குரல் உடைந்தது. "கீபோர்டு சத்தம் கேக்குது."

கடவுச்சொல்லையும் அடித்தேன்.

"வேணாம்மா. ப்ளீஸ்மா."

இவளும் வேறு படிப்பு என்று வெளியூர் போய்விட்டால் சாயங்காலம் நான் யாரிடம் போய்ச் சேருவது என்று பயமாக இருந்தது. அதுதான் உண்மை, படிப்பெல்லாம் அப்புறம். அழுகை வந்தது. கீபோர்டைத் தூரமாகத் தள்ளினேன், அவளுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. ஐந்து அடிக்கும்வரை இரண்டு பேரும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.