கொர்னெலுக்குக் கொடுத்த கோட்டு

வெத்தூரியாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. க்ளூஜ் நகரத்து மனஷ்டூர் பேட்டையில் முப்பத்தைந்து வருஷமாக அதே அடுக்குமாடியில், அதே மூன்றாவது மாடியில் இருக்கிறாள். படியேறும்போதே எந்த வீட்டில் முட்டைக்கோஸ் ஊறவைத்த பீப்பாய் கெட்டுப்போயிருக்கிறது, எந்த வீட்டுப் பூனை மூலையில் வேலையைக் காட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தில் வாழ்வது நரகம். அதிலும் கீழே துணி உலர்த்தும் அறையில் ஒண்டிக்கொண்டிருந்த கவ்ரிலா எதிரே வந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவாள். அவன் குப்பைத் தொட்டிகளைக் கிளறி பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்குகிறவன். குளிப்பது ஈஸ்டருக்கு ஈஸ்டர்.

அவள் புருஷன் கொர்னெலுக்கு மூக்கே கிடையாது போலும். தினம் சாயங்காலம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கவ்ரிலாவோடுதான் பகடை உருட்டுவார். "அந்த நாத்தத்துக்குப் பக்கத்துல எப்படித்தான் உட்காருறீங்களோ" என்று அவள் கேட்டால், "அவன் ஜெயிக்கிறப்பதான் நாறுவான்" என்பார்.

மார்ச்சில் கொர்னெல் போய்விட்டார். நாற்பதாம் நாள் அவர் பேரில் தானம் கொடுத்தாக வேண்டும். இங்கே எதைக் கொடுக்கிறோமோ அதுதான் அங்கே அவருக்குப் போய்ச் சேரும். கோதுமையும் சர்க்கரையும், ஒயின், ரொட்டி, மெழுகுவர்த்தி எல்லாம் வீடு வீடாகக் கொடுத்து முடித்தாள். மிச்சம் உடுப்பு. தொப்பி முதல் செருப்பு வரை ஒரு முழு உடுப்பை ஓர் ஆணுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியவன் உடுத்தினால்தான் செத்தவருக்கும் உடம்பில் துணி இருக்கும். இல்லாவிட்டால் அங்கே வெற்றுடம்போடு நிற்க வேண்டியதுதான். வெத்தூரியாவுக்கு அந்த நாற்பது நாளும் இதே கவலை. மகள் கல்யாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டை வெந்நீர் ஆவியில் நீவினாள். ஷூ மட்டும் புதிதாக வாங்கினாள்.

கவ்ரிலா படிக்கட்டில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, அண்ணனோட உடுப்பு... எனக்கு அளவு சரியாத்தான் இருக்கும்."

"உனக்கா? அதைப் போட்டுக்கிட்டு குப்பைத் தொட்டிக்குள்ள இறங்கவா?"

அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

நாலாவது மாடி ஹொரசியுவுக்குக் கொடுத்தாள். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்களே, அவன் முழுக்கவே ஆடை. தினம் முகச்சவரம், படியிறங்கிப் போனபின்பும் நிற்கிற சென்ட் வாசனை. "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். அவனோ "ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்றான். படித்தவன், மறந்திருப்பான் என்று விட்டுவிட்டாள்.

ஹொரசியுவுக்குப் பிழைப்பு வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் காட்டுவது. க்ளூஜின் பெரிய கோயிலைச் சுற்றி வழிகாட்டிகள் ஈ மொய்ப்பதுபோல் மொய்க்கவே, அவன் ஒரு புதுத் தந்திரம் கண்டுபிடித்தான். "அசல் ஜனங்கள் வாழும் பேட்டை" என்று சொல்லி ஆட்களை பஸ்ஸில் ஏற்றி இங்கே கூட்டிவந்துவிடுவான். குப்பை அறையைக் காட்டுவான். விரிசல் விட்ட சுவரைத் தடவச் சொல்வான். ஒருமுறை வெத்தூரியாவின் பால்கனியில் காய்ந்த உள்பாவாடையை ஏழு பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிருகக்காட்சிசாலையில்கூட குரங்குக்கு ஒளிய ஒரு மூலை உண்டு.

தானம் கொடுத்தபின் வந்த மூன்றாம் சனிக்கிழமை, மத்தியான வெயிலில், கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடிக்கிற பிரம்போடு கீழே இறங்கினாள். முற்றத்தில் கம்பளம் தட்டும் இரும்புக் கம்பியருகே கூட்டம். நடுவில் செக்கச்செவேலென்று ஒரு நெட்டையன், கொர்னெலின் கோட்டில். தலையில் கொர்னெலின் தொப்பி. ஒருத்தி புது ஷூவுக்குள் வெறுங்காலை நுழைத்துத் தத்தித் தத்தி நடந்து காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்து போட இன்னும் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். நெட்டையன் கையிலிருந்த சாஸேஜைக் கடித்துவிட்டு, விரலில் வழிந்த கடுகுச் சாந்தைக் கோட்டின் பையில் துடைத்தான். காலரில் அவன் வேர்வை கருத்து இறங்கியிருந்தது. வெத்தூரியா பக்கத்தில் நின்ற ஹொரசியுவிடம் நேரே போனாள்.

"ஹொரசியு, என்னடா இது?"

"அட, அத்தையா? சும்மா போட்டோவுக்கு. அந்தக் காலத்து ஃபேக்டரி ஆளுங்க எப்படி இருந்தாங்கன்னு காட்டறேன். இதுன்னா இவங்களுக்கு உசுரு."

"நீ ஒரு நாளாவது போட்டியா?"

"நானா?" அவன் மூக்கைச் சுளித்தான். "தப்பா நினைக்காதீங்க, செத்தவங்க துணி. எனக்கு ஒரு மாதிரி குமட்டும்."

அந்தச் சுளிப்பை அவள் நன்றாக அறிவாள். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"குடுடா இங்க."

"திருப்பியா கேக்குறீங்க? தானத்தைத் திருப்பி வாங்கினா செத்தவங்க உடம்புல இருந்து உருவுற மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவன் சொன்னது நிஜம். அதனால்தான் அவளுக்கு அவன் முகத்தில் துப்பத் தோன்றியது. நீட்டிய கை அப்படியே நின்றது. அங்கே கொர்னெல் குளிரில் நிற்கிறார், அவர் கோட்டை யார் யாரோ போட்டுப் போட்டுக் கழற்றுகிறார்கள். அவள் வாங்கிக்கொடுத்த மரியாதை இதுதான்.

குப்பைத் தொட்டியிலிருந்து பையோடு வந்த கவ்ரிலா கோட்டைப் பார்த்ததும் நின்றான். பையைக் கீழே வைத்தான். குல்லாவை எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, அந்த நெட்டையனின் கோட்டுக்கு முன்னால் தலை குனிந்தான்.

"ஆண்டவர் கொர்னெலை மன்னிக்கட்டும்."

இத்தனை பேரில் ஒருவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

கூட்டத்தின் போன்களெல்லாம் அவன் பக்கம் திரும்பின. ஹொரசியு குரலை உயர்த்தி அவர்கள் பாஷையில் என்னவோ விளக்கத் தொடங்கினான். வெத்தூரியா கம்பளத்தைக் கம்பியில் வீசினாள், அவர்களுக்கும் கவ்ரிலாவுக்கும் நடுவில். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த தூசு. பிரம்பை ஓங்கி ஒரு அடி போட்டாள். பிறகு இன்னும் பத்து. இருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் கூட்டம் பஸ் நிறுத்தம்வரை பின்வாங்கியது.

"கவ்ரிலா, மேல வா."

"வேணாம்க்கா. உங்க வீட்டுக்குள்ள நாறும்."

"நாறத்தான் போகுது. வா."

கொர்னெலின் நாற்காலியில் உட்காரவைத்து, பீன்ஸ் சூப் ஊற்றினாள். அடுக்களை ஐந்து நிமிஷத்தில் நாறிப்போனது. ஜன்னலைத் திறந்தும் பயனில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டாள். கொர்னெல் வீட்டில் போடும், பொத்தான் வைத்த ஸ்வெட்டர் குப்பைக்கென்று கட்டி வைத்திருந்தது. முழங்கை ஓட்டை, மார்பில் சூப் கறை, நூலெல்லாம் சிகரெட் வாடை. இதைப் போய் யாருக்குத் தானம் கொடுப்பது என்று முகம் சுளித்து ஒதுக்கியது. பெஞ்சில் பகடை உருட்டப் போகும்போது அவர் தினமும் போட்டது இதைத்தான்.

மெழுகுவர்த்தி ஏற்றி, ஸ்வெட்டரை இரண்டு கையாலும் நீட்டினாள். "கொர்னெலுக்காக."

"ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டான். "ஷூ?"

"ஷூ போச்சு. வீட்டுச் செருப்பு இருக்கு."

"போதும்க்கா. அண்ணன் பெஞ்சுக்குச் செருப்புலதான் வருவார்."

சூடான சூப், மே மாத வெயில், கம்பளி. நாலு வாய் குடிப்பதற்குள் கவ்ரிலாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நாற்றம் இரட்டிப்பானது. அவன் கரண்டியை வைத்துவிட்டு மேல் பொத்தானில் கை வைத்தான்.

"கழட்டாதே" என்றாள் வெத்தூரியா. "அவருக்குக் குளிரும்."