'மூடு' என்றொரு பொத்தான்

மேசையின் தலைப்பக்கத்தில் மேலாளர். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரமாக, கணினி விளையாட்டைச் செய்துகொடுத்த தம்பி. எதிரில் கம்பெனிச் சமையற்கூடத்துத் தலைவி. கதவை ஒட்டிய நாற்காலியில், வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் கடிதக்கார அக்கா. நடுவில் ஒரு தாயின் கடிதம்.

எண்ணெய் பாட்டிலோடு கம்பெனி இலவசமாக ஒட்டிக் கொடுத்த குறுந்தகட்டுச் சமையல் விளையாட்டில், வாணலி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினால் மூன்று நட்சத்திரம். அந்தத் தாயின் மகள் வீட்டு அடுப்பிலும் அப்படியே ஊற்றியிருக்கிறாள். தீ ஆளுயரம் எழும்பி, கை முழங்கைவரை வெந்துவிட்டது. உங்கள் விளையாட்டு சொன்னதைத்தானே செய்தாள் என்று தாய் கேட்டிருந்தாள்.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். விளையாட்டின் வாசகங்களை எழுதியது அவள்தான்.

"'தீப்பிடித்தால் மூடு'ன்னுதானே தம்பி எழுதிக் கொடுத்தேன்? தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

அவன் நகத்தைக் கடித்தான். "விளையாட்டை விட்டு வெளிய வர்ற பொத்தானும் 'மூடு'தான்க்கா. ரெண்டும் குழம்பி, தீப்பிடிச்சதும் ஆட்டமே மூடிக்கிச்சு. அதான் 'ஊற்று'ன்னு மாத்திட்டேன். தீ அணைஞ்சா சரிதானேன்னு..."

தட்டைப் போட்டு மூடு என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்குமே என்று தலைவி முணுமுணுத்தாள். அது இருவருக்கும் சுட்டது.

அறுபது கடைகளில் அந்தப் பாட்டில்கள் இருந்தன. கம்பெனியின் எழுத்து கைக்கு வராமல் எந்தக் கடைக்காரரும் சரக்கில் கைவைக்க மாட்டார். தபால் பை போக இன்னும் அரைமணி. மேலாளரோ, கடைகளுக்குச் சொன்னால் பேர் நாறிவிடும், அந்தம்மாவுக்கு மட்டும் இரண்டு வரி போதும் என்றார்.

"பழி நம்ம மேல ஒட்டாம எழுதும்மா. உனக்குச் சொல்லணுமா?"

பதினோரு வருடமாக ஒட்டாமல் எழுதிய கைதான். இன்று கடைகளுக்கும் தாய்க்கும் எழுதியது வேறு: 'எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை நிறுத்தி, தட்டால் மூடுங்கள். எங்கள் விளையாட்டு சொல்வது தவறு. பாட்டிலோடு இருக்கும் விளையாட்டுக் குறுந்தகட்டைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.' தாய்க்கான தாளில் மட்டும் இன்னொரு வரி: 'அரைகுறையாக எழுதியவள் நான்.'

மேலாளர் படித்தார். "இது வெளிய போச்சுன்னா நீ இங்க வேலையில இருக்க முடியாது."

"பதில்ல எப்பவும் என் கையெழுத்துதானே சார்."

போட்டாள். தம்பி கடைகளுக்கான தாளை வாங்கிக்கொண்டு நகலெடுக்க ஓடினான். மாத விலைப்பட்டியலுக்காகக் கடை விலாசம் ஒட்டி வைத்திருந்த உறைகளைத் தலைவி இழுத்துப்போட்டு மடித்துச் செருகினாள். மேலாளர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

தபால் பை எடுப்பவர் வாசலில் வந்து நின்றபோது தாயின் உறைதான் பாக்கி. அக்கா பசை தடவி, விளிம்பைக் கட்டைவிரலால் இருமுறை அழுத்தி மூடி, பையில் போட்டாள்.