தானே பூட்டிக்கொண்ட கார்

அந்த 'டக்' சத்தத்தைப் பிரீத்திகா முதன்முதலாகக் கேட்டது சிவகாசி பெட்ரோல் பங்க்கில். காரை விட்டு இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நின்றிருந்தாள். நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. அடுத்த நொடியே திறந்துகொண்டன. சாவி அவள் கையில்தான் இருந்தது. ஆனால் அவள் அதை அமுக்கவே இல்லை.

"தெரியாம அமுக்கியிருப்பே" என்றான் கணவன் சூர்யபிரகாஷ். கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதில் குறை இருக்கும் என்ற பேச்சே அவனுக்குப் பிடிக்காது. அவள் விடாமல் நச்சரித்ததால் மதுரை ஷோரூமுக்குக் கொண்டுபோனான். அங்கே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகிக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள்.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. இனியாவது நிம்மதியா இரு" என்றான் இரவுச் சாப்பாட்டின்போது.

மாமனார் இராமகிருஷ்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்: "என் காரு நின்னா, நிக்கப்போறேன்னு இருமிக் காட்டிட்டுத்தான்லே நிக்கும். இது ஊமைக் கோட்டான். மனசுல என்ன வச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"இருமி இருமித்தான் மாசத்துல பாதி நாள் ஷெட்டுல கெடக்குப்பா உங்க காரு!"

அப்பாவுக்கும் மகனுக்கும் இது தினசரிச் சண்டை. பிரீத்திகா எந்தப் பக்கமும் சேரமாட்டாள். ஆனால் அன்றிலிருந்து காரை நிறுத்தும்போதெல்லாம் அவள் காது அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. பிறகு ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்காததும் பயமாகத்தான் இருந்தது.

வைகாசியில் ஒருநாள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அவள் போக வேண்டியிருந்தது. குடும்பத்துக்குச் சொந்தமான அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் டிசைன்களை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சீசன் ஆர்டர். கலர் சரியாக இருக்கிறதா என்று கம்பெனியில் பார்த்துச் சொன்னால்தான் மெஷினை ஓட்ட முடியும். மாமியார் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால், ஒன்றேகால் வயது யாழினியையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருந்தது.

"உங்க காரை எடுத்துக்கிடட்டுமா மாமா?" என்று கேட்டாள். இராமகிருஷ்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அந்தக் கிழட்டு வண்டி அன்றைக்கென்று அசையவில்லை. அச்சகத்து ஆட்கள் தெருமுனை வரைக்கும் தள்ளியும் உறுமிவிட்டு அடங்கிப்போனது. வேறு வழியில்லாமல் புதுக்காரின் சாவியை எடுத்தாள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் சங்கையா அவளுடைய செல்போனை வாங்கி மரப்பெட்டிக்குள் வைத்தார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். கேட்டைத் தாண்டி, லேபிள்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கியை ஒட்டிய வெட்டவெளியில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு பிறகு சாவியை எடுக்கலாம் என்று இறங்கிக் கதவைச் சாத்தினாள். பின்கதவின் கைப்பிடியில் விரல் படுவதற்குள் அது கேட்டது.

டக்.

மறுகணம் திறந்துகொள்ளும் என்று நின்றாள். திறக்கவில்லை. கைப்பிடியை இழுத்தாள். முன்கதவை இழுத்தாள். சுற்றி ஓடி அந்தப் பக்கத்துக் கதவுகளையும் இழுத்தாள். சாவி உள்ளே, அதன் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் நான்கும் இம்மி இடைவெளி இல்லாமல் ஏறியிருந்தன. மாமாவின் காராக இருந்தால் முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் தள்ளிக் கையை நுழைத்துவிடலாம். இதில் விரல் நுழைய ஓர் ஓட்டை இல்லை. திருடனால் திறக்கவே முடியாது என்று சூர்யபிரகாஷ் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறான்!

வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் போட்ட கூச்சலில் கிட்டங்கியிலிருந்து போர்மேன் ராக்கப்பன் ஓடி வந்தார். சங்கையாவிடம் வீட்டு நம்பரைக் கத்திச் சொன்னாள். அவர் கேட்டுக்கு ஓடிப் போன் போட்டுவிட்டு வந்தார்.

"உங்க வீட்டுக்காரரு இன்னொரு சாவிய எடுத்துக்கிட்டுப் பைக்குல கெளம்பிட்டாகம்மா. அரை மணி நேரத்துல வந்துருவாக."

அரை மணி நேரம். கார் கூரையைத் தொட்ட கையை அவளால் அங்கே வைக்க முடியவில்லை. உள்ளே யாழினி விழித்துக்கொண்டாள். முதலில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழ ஆரம்பித்தாள். அழுகை வெளியே மெல்லத்தான் கேட்டது. நெற்றி முடி ஈரமாகி ஒட்டியிருந்தது.

பிரீத்திகா கீழே கிடந்த கருங்கல்லைத் தூக்கினாள். ராக்கப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லு வேண்டாம்மா! அங்கன பாருங்க."

காரிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை; சிமெண்டு மேடையில் மருந்து அடைத்த பட்டாசுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதற்கு அப்பால் மருந்து கலக்கும் அறை. அறை வாசலில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார்கள்.

"கல்லு இரும்புல பட்டு ஒரு பொறி பறந்தாப் போதும்மா. நாம யாரும் இருக்கமாட்டோம். பிள்ளையும் இருக்காது."

"அப்ப நான் என்னங்க செய்யிறது? பாத்துக்கிட்டே நிக்கவா?"

அவரும் சங்கையாவும் காரைத் தள்ளிப் பார்த்தார்கள். கியரிலும் ஹாண்ட் பிரேக்கிலும் கிடந்த வண்டி முரண்டு பிடித்தது. ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் தீக்கு அஞ்சி வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிகள் பிரீத்திகாவின் கண்ணில் பட்டன.

"தண்ணி! காரு மேல ஊத்துங்க!" என்று கத்தினாள்.

பெண்கள் ஓடி வந்தார்கள். குருவம்மாள் என்ற நடுவயதுக்காரி சாக்குகளை நனைத்துக் கூரையிலும் கண்ணாடிகளிலும் போர்த்தினாள். வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்தது. குழந்தையைப் பார்ப்பதற்காக ஒரு கண்ணாடியை மட்டும் பிரீத்திகா மூடவிடவில்லை. யாழினி இப்போது அழவில்லை. சீட்டில் சரிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அழுதபோதுகூட இவ்வளவு பயம் தெரியவில்லை.

"அழமாட்டேங்குறா... ஐயோ, அழமாட்டேங்குறா!"

ராக்கப்பன் அவளையும் காரையும் காய்கிற பட்டாசுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்தினார்: "எல்லாரும் ரூமை விட்டு வெளிய வாங்க! கேட்டுக்கு அங்கிட்டுப் போங்க! ஏலே பெத்தணா, அந்தப் பித்தளைக் கம்பிய எடுத்துட்டு வாலே!"

இரும்பு ஆகாத இடங்களில் பித்தளைச் சாமான்கள்தான். பித்தளையில் பொறி கிளம்பாது. பெத்தணன் கம்பியைக் கொண்டுவந்ததும், கண்ணாடிக்கு மேல் ஈரச் சாக்கை விரித்து ராக்கப்பன் ஓங்கி அடித்தார். கம்பி துள்ளித் திரும்பியது. இன்னொரு தடவை. கண்ணாடி அப்படியே இருந்தது. மூன்றாவது அடிக்கு அவர் ஓங்குவதற்குள் பிரீத்திகா கம்பியைப் பிடுங்கினாள். குழந்தை கிடந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடினாள். எங்கே அடிக்க வேண்டும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் கம்பி முனை இறங்கியது. கண்ணாடி முழுவதும் கற்கண்டாக உதிர்ந்தது.

உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. கையை விட்டுத் திறந்து குழந்தையை வெளியே இழுத்தாள். உடம்பு அடுப்பங்கல்லாகக் கொதித்தது. கேட்டுக்குப் போகாமல் நின்றிருந்த குருவம்மாள் தன் முந்தானையை நனைத்துக் குழந்தையின் முகத்தையும் மார்பையும் துடைத்தாள். உதட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். நெடுநேரம் போலத் தோன்றிய கொஞ்ச நேரம் கழித்து, யாழினி முகத்தைச் சுளித்து வீறிட்டாள்.

"அழட்டும்மா, நல்லா அழட்டும்" என்றாள் குருவம்மாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

சூர்யபிரகாஷின் பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது பிரீத்திகா கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் முதலில் கார்தான் பட்டது.

"கண்ணாடிய ஒடச்சிட்டீகளா? அதான் சாவி கொண்டுவாரேன்னு..."

குருவம்மாள் சொன்னாள்: "ஒடைக்கலன்னா இந்நேரம் உங்களுக்குச் சாவிதான்யா மிஞ்சியிருக்கும்."

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கையில் இரத்தக் கீறல்களைப் பார்த்தான். குழந்தையின் சிவந்த முகத்தைப் பார்த்தான். பைக்கை ஸ்டாண்டு போடக்கூட மறந்து, அது சரிந்து விழ, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தெரியாம அமுக்கிட்டேன்னு இப்பவும் சொல்லுங்க" என்றாள் பிரீத்திகா.

"இல்ல பிரீத்தி... மொதல்ல டாக்டர்கிட்ட போவோம். ஏறு, கார்லயே..."

"நான் அதுல ஏறமாட்டேன். பிள்ளையும் ஏறமாட்டா."

சிவகாசிக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கையைக் காட்டினாள். அவன் காரையும் பைக்கையும் சங்கையாவிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்து ஏறினான். டாக்டர் குழந்தைக்கு ஒருநாள் பூராவும் குளுக்கோஸ் ஏற்றி, இனிப் பயமில்லை என்று அனுப்பினார்.

அடுத்த வாரம் ஷோரூமில், அவன் போட்ட சத்தத்துக்குப் பிறகு, கதவையே கழற்றிப் பார்த்தார்கள். ஓட்டுநர் கதவின் மடிப்புக்குள் ஒரு வயர் தோல் உரிந்து, கதவை அடித்துச் சாத்தும்போது எப்போதாவது தகரத்தில் உரசிப் பூட்டை இயக்கிவிட்டிருந்தது. அது கம்ப்யூட்டரில் தெரியாதாம். புது வயர் போட்டுக் கொடுத்தார்கள்.

"இனிமே ஒண்ணும் ஆகாது" என்று வீட்டில் வந்து சொன்னான் சூர்யபிரகாஷ். சொன்ன குரலில் பழைய உறுதி இல்லை. குழந்தை மாட்டிக்கொண்ட அன்று கிளம்ப மறுத்தது தன்னுடைய வண்டிதான் என்ற நினைப்பு இராமகிருஷ்ணனையும் அரித்துக்கொண்டிருந்தது.

பிரீத்திகா மறுபடி அந்தக் காரை ஓட்டத்தான் செய்தாள், பிழைப்பு அப்படி. ஆனால் யாழினி உள்ளே இருந்தால், எந்தக் கொதிக்கிற வெயிலிலும், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஒரு கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஓட்டினாள்.