லிட்டருக்குப் பதினெட்டு

லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடிய கார் பதினொன்றுக்கு இறங்கியதும், அரிசி ஆலை முதலாளி செல்வமணிக்கு முதலில் ஞாபகம் வந்தது டிரைவர் பிச்சைக்கண்ணுவின் முகம்தான். எஞ்சின் மேல் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. பழி போடத் தோதாக ஓர் ஆள் பதினான்கு வருஷமாக வாசலிலேயே நிற்கிறானே.

“டீசல் எங்கலே போகுது?”

“வண்டி ஓட மாட்டேங்குது அண்ணாச்சி, என்னமோ பிடிச்சு இழுக்குது. அம்பாசமுத்திரத்துல மெக்கானிக் நாசர் பாய்ட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்திருதேன்.”

“களவாணிப் பயலுக்குப் பேச்சைப் பாரு!”

ஆலையில் சிந்திக் கிடக்கும் குருணையைக்கூடத் தொடாதவன் பிச்சைக்கண்ணு.

சாட்சியில்லாத களவுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சுடலைமாடன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அணைத்தவனை அப்புறம் யாரும் களவாணி என்று சொல்லக் கூடாது. பொய்ச் சத்தியமென்றால் மாடன் பார்த்துக்கொள்வான்.

“அணைக்கேன்” என்றான் பிச்சைக்கண்ணு. போன பேர் ஒரு நொடியில் திரும்பிவிடும் என்று நம்பினான், பாவம்.

வெள்ளிக்கிழமை ஊரே கூடியது. வழக்கமாக வைப்பது ஒரே ஒரு சூட வில்லை. செல்வமணி பாக்கெட்டையே பிரித்துக் கொட்டினார். பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவ்வளவு தீயும் அவியும்வரை பிச்சைக்கண்ணு கையை எடுக்கவில்லை. தோல் பொசுங்கிய வாடை கடைசி வரிசைக்கும் போயிற்று.

அதோடு அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் அவனுக்கு மனசு கேட்கவில்லை. வண்டிக்கு நோவு இருப்பது அவனுக்குத் தெரியுமே. மறுநாள் முதலாளியை அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டு, துணி சுற்றிய கையோடு நாசர் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினான்.

நாசர் பாய் எதையும் கழற்றவில்லை. சமமான ரோட்டில் வண்டியை நியூட்ரலில் விட்டார். பைய உருண்டு போக வேண்டிய வண்டி நொண்டி நின்றது. இறங்கிச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். பின்சக்கரம் இரண்டும் தோசைக்கல்லாகக் காய்ந்தன. ஜாக்கி போட்டுத் தூக்கியும் கையால் சுற்ற முடியவில்லை.

“ஹேண்ட்பிரேக் கம்பி துருவேறி இறுகிக் கெடக்கு வே. லிவரை எறக்கினாலும் பிரேக் விடல. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கீரு, டீசல் குடிக்காம என்ன செய்யும்? வண்டியத் தண்ணிக்குள்ள எறக்குவீரோ?”

இறக்குவான்தான். அது முதலாளியின் உத்தரவு. வெள்ளிதோறும் தாமிரவருணியில் சக்கரம் முங்க நிறுத்திக் கழுவினால்தான் வண்டிக்குக் கண்ணேறு கழியும் என்பார். ஈரத்தோடு கொண்டுவந்து, சரிவான கார் ஷெட்டில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிடச் சொல்பவரும் அவரேதான்.

நாசர் பாய் புதுக் கம்பி மாட்டி, பிரேக் டிரம்மைக் கழற்றிச் சேற்றை வழித்தார். ஒரு விரலால் தட்டியதும் சக்கரம் சுற்றியது. பிச்சைக்கண்ணு பழைய கம்பியை டிக்கியில் போட்டுக்கொண்டான். அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் வெறும் வாய்ச்சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று அவனுக்குத் தெரியும். முதலில் வண்டி சொல்லட்டும் என்று, டேங்கை முட்ட நிரப்பி, ஒரு வாரம் வாய் திறக்காமல் ஓட்டினான். வியாழக்கிழமை மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தான். பதினெட்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கு ஓடினான். டீசல் பம்புச் சீட்டைப் பார்த்துவிட்டிருந்த செல்வமணி அதற்குள் ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“சூடம் அணைச்ச மறுநாள்லேருந்து பதினெட்டு குடுக்கு வண்டி! மாடன் சக்தியப் பாத்தியளா? பயந்து போயி களவை விட்டுட்டான்.”

“அண்ணாச்சி, இந்தாங்க, இந்தக் கம்பிதான்! ஆத்துத் தண்ணில துருவேறி… நாசர் பாய்ட்ட கேளுங்க!”

செல்வமணி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். துருவுக்கிடையில் ஆற்று மணல் அப்பியிருந்தது. தலையை நிமிர்த்தாமல் சற்று நேரம் அதையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது பிச்சைக்கண்ணுவுக்கும் தெரிந்துவிட்டது. பிறகு கம்பியைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார்.

“துருக்கம்பி எந்தக் கடையிலயும் கெடைக்கும்லே. நாசரும் நீயும் ஒண்ணா டீ குடிக்கிற ஆளுக. போவட்டும், மன்னிச்சிட்டேன். நாளைக்கு வந்து வண்டிய எடு.”

முதலாளிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஆலையே வியந்தது. பிச்சைக்கண்ணு வீட்டுக்கு நடந்தான். அவன் வீடு போய்ச் சேருமுன் முதலாளி மன்னித்த சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

மனைவி சுடலைவடிவு அவனை உட்கார வைத்துத் துணியை அவிழ்த்தாள். தோலுரிந்த உள்ளங்கையில் நோகாமல் மருந்து தடவினாள். இவளிடமாவது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அவன் மூச்சை இழுத்தான்.

“ஒரு வாரமா ஒரு வார்த்தை பேசாம இருந்தீய, அப்பவே நெனச்சேன்” என்றாள் அவள், கையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்லா. எத்தனை நாளா எடுத்திய?”