மூன்று நாற்பதுக்கு வருகிறவர்

ஆர்கிரோவுக்கு வருடத்தில் பத்து வாரம் தலைவலி வரும். மார்ச் கடைசியில் தொடங்கி ஜூன் பிறக்கும்போது போய்விடும். அந்தப் பத்து வாரமும் தினமும் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வரும். கிரேக்கத்தின் வோலோஸ் நகரமே கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிற நேரம். இடது கண்ணுக்குப் பின்னால் காய்ச்சிய கம்பியைச் செருகித் திருகுவது போல் இருக்கும் என்பாள். கொத்துத் தலைவலி என்று டாக்டர் பெயர் சொன்னார்.

வலி வந்தால் அவள் உட்கார மாட்டாள், படுக்க மாட்டாள். அறைக்குள் மேலும் கீழும் நடப்பாள். சுவரில் நெற்றியை இடிப்பாள். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் ஒழுகும், அதுவும் இடது பக்கம் மட்டும். பெற்ற தாய்க்குக்கூட அந்த நேரத்தில் கதவைத் திறந்ததில்லை. ஆறு வருடமாக அந்த அறைக்குள் நுழைய உரிமை இருந்தது ஒருவனுக்குத்தான். அவள் கணவன் ஸ்டெர்கியோஸ்.

அவனுக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. மூன்று மணிக்கு விட்டதும் ஓடி வருவான். ஈரத்துணியை அவள் பொட்டில் அழுத்துவான். வாய்க்குள் கண்ணேறு கழிக்கும் ஜெபத்தை முணுமுணுப்பான். அந்த ஜெபம் ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணிடமிருந்து ஆணுக்கு என்றுதான் கைமாறவேண்டும். மாற்றிக் கொடுத்தால் பலிக்காது. அவனுக்கு அத்தை கொடுத்தது. கண் பட்டிருந்தால் ஜெபம் சொல்கிறவனுக்குக் கொட்டாவி வரும். அவனுக்குத் தாடை கழன்றுவிடும்போல் வந்தது. பொறியியல் படித்தவன், அலுவலகத்தில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. ஆனால் நாலு நாற்பது வாக்கில் வலி இறங்கும். வியர்த்து நனைந்து அவன் தோளில் சாய்ந்து, "நீ இல்லேன்னா செத்திருப்பேன்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவன் தினமும் ஓடி வந்தான். அதை அவன் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வருடம் டாக்டர் ஆக்சிஜன் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் மாடிக்கு இடுப்பு உயர சிலிண்டர் ஒன்று வந்து இறங்கியது. மூக்கில் செருக மெல்லிய குழாய். நிமிடத்துக்கு நாலு லிட்டர் என்று கொண்டுவந்தவன் திருகி வைத்துவிட்டுப் போனான். பத்து நாள் பிடித்துப் பார்த்தாள். ஒரு இம்மியும் வலி நகரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் ஸ்டெர்கியோஸ். பக்கத்து வீட்டுப் புதுக் கார் கிளம்ப மறுக்கும்போது வருமே, அப்படி ஒரு சின்ன நிம்மதி அவனுக்கு.

ஆர்கிரோ விடவில்லை. நோயாளிகள் சங்கத்துக்கு எழுதினாள். அங்கிருந்து சராந்திஸ் வந்தான். பெலியோன் கடற்கரையில் ஆழ்கடல் நீச்சல் சொல்லிக் கொடுப்பவன். பதினாலு வருடமாக அவனுக்கும் இதே வலி. நெடிய ஆள், வெயிலில் வெந்த தோல், நீலக் கண். இடது இமை மட்டும் பாதி தொங்கியிருந்தது. சிலிண்டரைப் பார்த்ததும் சிரித்தான்.

"இதை யார் மாட்டினது?"

"கம்பெனி ஆளுங்க" என்றான் ஸ்டெர்கியோஸ்.

"இது நெஞ்சு சளிக்காரங்களுக்கு வைக்கிற அளவு, தலைவரே. நம்ம அதிகாரி இதுக்கெல்லாம் அசைய மாட்டார்."

"எந்த அதிகாரி?"

"வரி அதிகாரி. சொன்ன நேரத்துக்கு வருவார், அழுதாலும் விடமாட்டார், போகும்போது எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போவார்."

ஆர்கிரோ சத்தமாகச் சிரித்தாள். ஏப்ரலில் அவள் சிரித்து ஸ்டெர்கியோஸ் கேட்டதில்லை.

சராந்திஸ் தன் பையிலிருந்து, காற்றை அதிகம் விடுகிற வேறொரு திருகியை எடுத்து மாட்டினான். பதினைந்து லிட்டர். முகத்தை முழுக்க மூடும் முகமூடி, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் பை. "அதிகாரி படியில கால் வைக்கும்போதே ஆரம்பிச்சுடணும். வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டார்னா எழுப்ப முடியாது. அப்புறம், சிகரெட், அடுப்பு, மெழுகுவத்தி, சாமி விளக்கு, எதுவும் இந்த ரூம்ல கூடாது. இந்தக் காத்து தானா எரியாது. ஆனா எரியுறதைப் பேயா ஆக்கும்."

மூன்று நாற்பது வந்தது. அவள் குனிந்து உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். காற்று சீறியது. பதினோராவது நிமிடத்தில் முகமூடியைக் கழற்றினாள்.

"போயிடுச்சு" என்றாள். "எனக்குப் பசிக்குது."

குளிர்பெட்டியைத் திறந்து, திராட்சை இலையில் சுருட்டிய சோற்றுருண்டைகளை நின்றபடியே ஏழெட்டு விழுங்கினாள். வாயில் எண்ணெய் வழிய சராந்திஸைப் பார்த்தாள். ஸ்டெர்கியோஸ் ஈரத்துணியைப் பிடித்தபடி நின்றான். தண்ணீர் அவன் காலுறையில் சொட்டியது. ஆறு வருடம் நான் உட்கார்ந்தேன், இவன் பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டான் என்று நினைத்தான்.

அதற்கப்புறம் தினமும் மூன்று முப்பத்தைந்துக்குச் சராந்திஸிடமிருந்து ஃபோன் வந்தது.

"அதிகாரி வந்தாச்சா?"

"படியேறிட்டிருக்கார். மூச்சு வாங்குது அவருக்கு. உங்க வீட்டுக்கு?"

"எனக்கு ஆறு மணிக்குத்தானே. உன்னை முடிச்சுட்டு இங்க வருவார்."

சிரிப்பு. ஆறு மணிக்கு அவள் அவனை அழைப்பாள். மறுபடி சிரிப்பு.

"அப்படி என்ன சிரிப்பு?" என்று ஒருநாள் கேட்டான் ஸ்டெர்கியோஸ்.

"சொன்னா உனக்குப் புரியாது."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். அதுதான் குத்தியது.

அலுவலகம் விட்டு ஓடி வருவான். அவள் முகமூடி போட்டபடி கட்டை விரலை உயர்த்திக் காட்டுவாள். அவனுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. அவரைக்காய் நறுக்குவான். அவள் வெளியே போயிருந்த ஒரு நாள், கதவைத் தாழிட்டு அந்த முகமூடியைத் தானே போட்டுக்கொண்டு கால் மணி நேரம் மூச்சு விட்டுப் பார்த்தான். அப்படி என்னதான் இருக்கிறது இதில்? பிளாஸ்டிக் வாசனை மட்டும் இருந்தது.

ஆர்கிரோ நகரப் பெண்கள் பாடகர் குழுவை நடத்துபவள். மே மாதம் கவாலாவில் போட்டி நடக்கும். ஆறு வருடமாக அந்த மேடைக்கு வேறொருத்தியை அனுப்பிவிட்டு இந்த அறையில் நடந்துகொண்டிருந்தாள். இந்த வருடம் போவதாக முடிவு செய்தாள். இரண்டு சிலிண்டரோடு சராந்திஸ் காரில் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

ஈஸ்டர் முடிந்த வாரம், வியாழக்கிழமை, சராந்திஸ் சின்ன சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். பால்கனியில் மூவரும் காபி குடித்தார்கள். அவன் அவளையே பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகா ஆயிட்டே ஆர்கிரோ. இந்த முகத்தை நம்ம அதிகாரி ஆறு வருஷம் மறைச்சு வச்சிருந்தாரே" என்றான்.

ஊரில் குழந்தையைப் பாராட்டினாலும் பெண்ணைப் பாராட்டினாலும் கையோடு 'த்து த்து த்து' என்று துப்புவது வழக்கம். கண் படக்கூடாது அல்லவா. ஸ்டெர்கியோஸ் காத்திருந்தான். சராந்திஸ் துப்பவில்லை. காபியைக் குடித்தான். நீலக் கண்ணுக்காரன் கண் சும்மா இருக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் பிற்பகல் ஸ்டெர்கியோஸ் வீட்டுக்கு வந்தபோது மூன்றரை.

"கவாலாவுக்கு நான் ஓட்டிட்டு வரேன்" என்றான், சட்டையைக்கூடக் கழற்றாமல்.

"உனக்கு லீவு இல்லையே."

"எடுப்பேன்."

"வேண்டாம். சராந்திஸ் வர்றேன்னுட்டார்."

"அதானே. கட்டினவன் எதுக்கு?"

"ஆரம்பிக்காதே ஸ்டெர்கியோ. மணியைப் பாரு."

"மணியைப் பாத்துப் பாத்துத்தான் ஆறு வருஷம் போச்சு. அப்ப எங்க இருந்தான் அவன்?"

"அப்ப அவரை எனக்குத் தெரியாது!"

"தெரிஞ்சிருந்தா?"

ஃபோன் அடித்தது. அவன் எடுத்துத் துண்டித்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் இடது கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. இன்னும் நாலு வார்த்தை அவன் சொன்னான், ஆறு வார்த்தை அவள் சொன்னாள். அவள் முகமூடியை எடுத்து மாட்டியபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு.

பதினைந்து நிமிடம் போனது, இருபத்தைந்து போனது. வலி விடவில்லை. அவள் முகமூடியைப் பிடுங்கிச் சோபாவிலிருந்த கம்பளி மடிப்புக்குள் எறிந்தாள். தலையைக் குழாயடியில் நீட்டக் குளியலறைக்கு ஓடினாள். கதவுக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டது, மாடு ஈனும்போது வருமே, அந்த மாதிரி.

ஸ்டெர்கியோஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம். காற்று தோற்றுவிட்டது. அடுத்த நொடியே வெட்கம் வந்தது. வெட்கத்தை எங்காவது இறக்கி வைக்கவேண்டுமே. நேற்றைய பால்கனி நினைவுக்கு வந்தது.

கண் வைத்தது யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கிராம்பைக் குண்டூசியில் குத்தி மெழுகுவத்திச் சுடரில் காட்டவேண்டும். சந்தேகப்படுகிறவன் பெயரை மனதுக்குள் சொல்லவேண்டும். கிராம்பு வெடித்தால் அவன்தான். சமையலறையிலிருந்து மெழுகுவத்தியும் நாலு கிராம்பும் எடுத்துவந்தான். சோபா நுனியில் உட்கார்ந்து முன்னாலிருந்த குட்டை மேசையில் ஏற்றினான். அறையில் தீ கூடாது என்பது அவனுக்கு மறக்கவில்லை. முகமூடியைத்தான் கழற்றியாகிவிட்டதே என்று நினைத்தான். சிலிண்டரை அவள் மூடவில்லை, கம்பளிக்கடியில் முகமூடி சீறிக்கொண்டிருந்தது. குளியலறைக் குழாய்ச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை.

சராந்திஸ் என்றான். கிராம்பு கறுத்தது, அவ்வளவுதான். இரண்டாவது கிராம்பு. சராந்திஸ். புகைந்து அணைந்தது. மூன்றாவதைக் குத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பளி மேல் முழங்கையை ஊன்றிக் குனிந்து, சராந்திஸ் என்றான்.

சுடர் வெள்ளையாக நீண்டது. கிராம்பு பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறியது.

"மாட்டினான்!" என்று வாய்விட்டே கத்திவிட்டான் ஸ்டெர்கியோஸ்.

அப்போதுதான் தன் சட்டைக் கை எரிவதைப் பார்த்தான்.

தட்டத் தட்டத் தீ தாவியது. கம்பளி ஓரம் பொசுங்கியது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆர்கிரோ ஓடி வந்தாள். ஒரு கண் மூடியிருந்தது. முதலில் சிலிண்டரைத் திருகி மூடினாள். பிறகு ஈரத்துண்டை அவன் கையில் சுற்றினாள், கம்பளியைக் காலால் மிதித்தாள், மெழுகுவத்தியை ஊதினாள். எல்லாம் முடிந்ததும் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "மேசை மேல இருக்கிற கிராம்பை எடு. எனக்குப் பாக்கப் பிடிக்கல" என்றாள். நாலே முக்கால் வரை அப்படியே நின்றாள். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். ஜெபம் சொல்ல வாய் வரவில்லை.

வலி இறங்கியபின் அவள் வந்து அவன் கைக்கு மருந்து போட்டாள். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம்.

"யார் பேரைச் சொன்னே?"

அவன் கொப்புளத்தைப் பார்த்தான்.

"சராந்திஸ்தானே?"

"ம்."

"வெடிச்சுதா?"

"மூணாவது தடவை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "பன்னெண்டு நிமிஷம் உன்கூடச் சண்டை போட்டேன். காத்து கேக்காததுக்குக் காரணம் அதுதான். இதுக்குக் கிராம்பு எதுக்கு, கடிகாரம் போதும்."

"நான் கூட வந்தா என்ன ஆர்கிரோ? எனக்கு இப்ப எல்லாம் தெரியுமே. திருகத் தெரியும், மாட்டத் தெரியும்."

அவள் கட்டுத் துணியைச் சுற்றி முடித்தாள்.

"வலி வர்றப்ப நீ என்னைப் பாப்பே. உன் முகம் எப்படி ஆகும்னு உனக்குத் தெரியாது. நான் என் வலியையும் பாக்கணும், உன் முகத்தையும் பாக்கணும். ஆறு வருஷம் ரெண்டையும் பாத்தேன். சராந்திஸ் என்னைப் பாக்கவே மாட்டார். முதுகைத் திருப்பிக்கிட்டு ஃபோன்ல கால்பந்து பாப்பார்."

"நான் ஜெபம் சொன்னா நிக்குமே" என்றான்.

"ஒரு மணி நேரத்துல அது தானா நிக்கும், என் கண்ணே. நீ சொன்னாலும் நிக்கும், சொல்லாட்டியும் நிக்கும்."

"உனக்குத் தெரியுமா இது?"

"முதல் வருஷமே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்ல விட்டே?"

"நீ அவ்வளவு கொட்டாவி விட்டே. பாவமா இருந்துச்சு."

மே முதல் சனிக்கிழமை, காலை ஏழு மணி. சராந்திஸின் கார் வாசலில் நின்றது. பெரிய சிலிண்டரை ஸ்டெர்கியோஸ் தோளில் சுமந்து மூன்று மாடியும் தானே இறக்கினான். கட்டுப் போட்ட கையோடு ஏன் என்று சராந்திஸ் ஓடி வந்தான். அவன் விடவில்லை. காரின் முன்கதவைத் திறந்தான். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் சிலிண்டரை நிறுத்தி, பெல்ட்டை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினான்.

"தலைவரே" என்றான் சராந்திஸ், தொங்கிய இமையைத் தேய்த்தபடி. "இது முன்னாடி உக்காந்தா ஆர்கிரோ எங்க உக்காருவா?"

"பின்னாடி. சின்ன சிலிண்டரைப் பிடிச்சுக்கணும்ல."

"அதுக்கும் பெல்ட் இருக்கே."

"பாதுகாப்பு" என்றான் ஸ்டெர்கியோஸ்.

ஆர்கிரோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து, பாட்டுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கி, "கையை நனைக்காதே" என்றாள்.

கார் கிளம்பியது. தெருமுனையில் சிவப்பு விளக்கு. ஸ்டெர்கியோஸ் வாசலிலேயே நின்று பார்த்தான். சராந்திஸ் ஏதோ சொன்னான். பதில் சொல்ல ஆர்கிரோ இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே முன்னால் குனிந்தாள். ஒரு கையைச் சிலிண்டரின் தோளில் போட்டிருந்தாள். பச்சை விழுகிறவரைக்கும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.