சங்கையாவுக்குச் சொன்ன வாக்கு

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய அன்றே ஒத்தவேலம்பட்டியில் கட்டுப்பாடு ஆரம்பித்துவிட்டது. எட்டு நாளைக்கு ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது, கறி மீன் ஆக்கக் கூடாது, வெளியூரில் தங்கக் கூடாது. இதெல்லாம் வழக்கமாக உள்ளதுதான். இந்த வருசம் கோயில் கமிட்டி புதிதாக ஒன்றைச் சேர்த்து, மந்தையில் ஃபிளெக்ஸ் போர்டாகக் கட்டியிருந்தது: ஊர் எல்லைக்குள் குடியிருப்பவர்கள் வேறு தெய்வத்தைக் கும்பிடக் கூடாது. பெயர் போடவில்லை. ஆனால் அது ஒச்சம்மாளுக்குத்தான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

ஒச்சம்மாளின் புருசன் சங்கையா போன வைகாசியில் நெஞ்சுவலி வந்து செத்துப்போனார். ஆடி மாதத்திலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் பந்தல்குடி ஜெபவீட்டுக்குப் போய் வந்தாள். ஐப்பசி மழை பொய்த்துக் கண்மாய் நிறையாமல் போனபோது, ஊரில் முதல் பேச்சு அவளைப் பற்றித்தான் எழுந்தது.

மருதுபாண்டி அந்த போர்டை நிமிர்ந்து பார்க்காமலே கடந்து போனான். நரிக்குடிக்கும் அருப்புக்கோட்டைக்கும் மிளகாய் லோடு அடிக்கும் வேன் அவனுடையது. அவன் அய்யா இறந்த பிறகு, ஊர்த் தெய்வமான சோணைச்சாமிக்கு அருள்வந்து ஆடும் முறை அவனுக்கு வந்தது. இப்போது விரதத்துக்காகக் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் தங்கியிருந்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது; எழுந்து நடந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மனைவி முருகலட்சுமி கொண்டுவரும் ஒருவேளைச் சோறும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கமிட்டித் தலைவர் பால்பாண்டி கொட்டகைக்கு வந்தார்.

"ஏப்பா மருது, பொங்கலன்னைக்கு அவளக் கூப்பிட்டு சாமிக்கு முன்னாடி நிப்பாட்டுறோம். எல்லைக்குள்ள இருக்கணும்னா பந்தல்குடி போறத விடணும். இல்லேன்னா ஊர விட்டுப் போகணும். இது சாமி வாயால வந்தாத்தான் ஒரு பய எதுத்துப் பேசமாட்டான்."

"சாமி என்ன சொல்லும்னு நமக்கு எப்படி சித்தப்பா தெரியும்?"

பால்பாண்டி கெட்ட மனிதரில்லை. கண்மாய் நிறைய வேண்டும் என்று ஒரு மண்டலம் தரையில் படுத்தவர்.

"உங்கய்யாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருதுபாண்டி ஆட வந்து இது மூன்றாவது வருசம். முதல் வருசம் சாமி வந்தது. உறுமி முழங்கியதும் உச்சந்தலையில் வெந்நீரை ஊற்றியதுபோல் ஒன்று இறங்கியது. அப்புறம் என்ன நடந்ததென்று இன்றுவரை அவனுக்கு ஞாபகமில்லை. போன வருசம் எதுவும் இறங்கவில்லை. நின்று நின்று பார்த்தான். ஊரே கும்பிட்டபடி நின்றது. வேறு வழி தெரியாமல் அவனாகவே உடம்பை உதறி ஆடினான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த ஆட்டத்தின்போதுதான் சங்கையா முன்னால் வந்து நின்றார். "சாமி, நெஞ்சுக்குள்ள அடைக்குது. மதுரைக்குப் போயிப் பாப்போம்னு வீட்டுல சொல்றா. போகவா?" என்று கேட்டார். அய்யா சொல்லிக் கேட்ட வார்த்தைகள் தாமாகவே மருதுபாண்டியின் வாயில் வந்து விழுந்தன.

"எங்கயும் போக வேண்டாம்டா. நான் இருக்கேன். விபூதி போதும்."

சங்கையா விபூதியை மடியில் முடிந்துகொண்டு போனார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. அது சாமி வாக்கு இல்லை என்பது மருதுபாண்டி ஒருவனுக்கு மட்டுமே தெரியும். முருகலட்சுமியிடம்கூட அவன் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அவன் வெறுங்காலோடு கண்மாய்க்கரைக்குப் போனான். தண்ணீர் இல்லாத உள்வாயில், கருவேலங்காய்களைத் தொரட்டிக் கம்பால் உலுக்கி விட்டு ஒச்சம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒரு ரெண்டு வாரம் பந்தல்குடி போகாம இருங்களேன். பொங்கல் முடியட்டும்."

"கமிட்டி சொல்லி விட்டுச்சா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

அவள் தொரட்டியைக் கீழே ஊன்றினாள். "உங்க அண்ணன் செத்து மூணாம் நாளே, அழுதது போதும், வீட்டுக்கு ஆகாதுன்னாக. அங்க போனா அழுக விடுறாக. யாரும் ஏன்னு கேக்குறதில்ல. அதுக்குத்தான் முதல்ல போனேன். இப்ப அந்தச் சாமியும் மனசுக்குப் பிடிச்சுப்போச்சு. இத நான் யாருகிட்டத் தம்பி உத்தரவு கேக்கணும்?"

சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தொண்டைவரை வந்தது. "வாரேன் மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

சாயந்திரம் முருகலட்சுமியிடம், "இந்த வருசம் நான் ஆடல" என்றான்.

அவள் பயந்துவிட்டாள். "ஆடாம எப்படி? ஊருல நம்மள வச்சிருப்பாகளா? அந்த அக்காவ மட்டும் ஒண்ணும் சொல்லாம, சும்மா ஆடிட்டு வந்துருங்க."

சும்மா ஆடுவது எப்படி என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவனைப் படுத்தியது.

பொங்கலன்று சாயங்காலம் நாலு மணிக்கு உறுமியும் கொட்டும் சேர்ந்துகொண்டன. மருதுபாண்டிக்குச் சாமியாடி உடுத்தும் சல்லடம் கட்டி, கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். இரண்டு பேர் போய் ஒச்சம்மாளை அழைத்து வந்தார்கள். அவள் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றாள். தலை குனியவில்லை.

கொட்டு வேகமெடுத்தது. அவன் கண்ணை மூடினான். வா, இந்த ஒரு தடவை வந்துவிடு, வந்து நீயே என்ன வேண்டுமானாலும் சொல் என்று உள்ளுக்குள் மன்றாடினான். முழங்கால்கள் நடுங்கின. அது சாமி இல்லை, பயம் என்று அவனுக்குத் தெரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அவன் கண்ணைத் திறந்து, அரிவாளைப் பீடத்தில் வைத்தான்.

கொட்டு ஒவ்வொன்றாக நின்றது.

"சாமி வரல" என்றான். "போன வருசமும் வரல. நானாத்தான் ஆடுனேன். நான் சொன்னதெல்லாம் சாமி சொன்னதில்ல. ஒச்சம்மா மதினி எங்க போயிக் கும்பிடுறாகங்கிறதப் பத்தி எங்கிட்ட எந்தச் சாமியும் எதுவும் சொல்லல. சொல்லுச்சுன்னு நான் சொல்லவும் மாட்டேன்."

கூட்டத்திலிருந்து யாரோ வந்து அவன் கன்னத்தில் அறைந்தார்கள். "பொய்யா ஆடுனியாடா?" என்று ஒரு குரல்.

அந்த நேரத்தில் கமிட்டிக்காரர் அருஞ்சுனை திடீரென்று துள்ளி எழுந்தார். அவருக்கு அதுவரை சாமி வந்ததே இல்லை. பீடத்திலிருந்த அரிவாளை எடுத்துச் சுழற்றி, "வேற தெய்வத்தக் கும்பிட்டவ என் எல்லைக்குள்ள இருக்கக் கூடாதுடா!" என்று கத்தினார். முன்வரிசையில் சிலர் கைகூப்பினார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடுத்தெரு மூக்கம்மாள்தான் கேட்டாள். சண்டைக்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல்.

"இப்பப் பேசுறது யாரு? சாமியா, அருஞ்சுனையா?"

அருஞ்சுனை கண்ணை உருட்டி இன்னொரு சுற்று ஆடினார். யாரும் குலவை போடவில்லை. கொட்டுக்காரர்கள் குச்சியைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பொங்கப்பானைகளை அப்படியே தூக்கிக்கொண்டு பெண்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஒச்சம்மாள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மருதுபாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவனே அவள் வீட்டுக்குப் போனான். அவள் ஆடுகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் நீ ஆடுனது பொய்யின்னா, அவுகளுக்குச் சொன்னதும் பொய்யா?"

"ஆமா மதினி."

"மதுரைக்குப் போவோம், போவோம்னு நான் கால்ல விழுகாத குறையாச் சொன்னேன். சாமியே வேண்டாம்னுருச்சு, நீ யாருடின்னு கேட்டாக. அந்த விபூதியத்தான் கடைசி வரைக்கும் நெஞ்சுல தடவிக்கிட்டுக் கெடந்தாக."

அவன் அவள் காலில் விழக் குனிந்தான். அவள் சட்டென்று விலகிக்கொண்டாள்.

"விழாத. பந்தல்குடி போனா ஒன்ன மன்னிக்கச் சொல்லுவாக. எனக்குத் தெரியும். இப்ப என்னால ஏலாது. போயிரு."

கமிட்டி கூடிப் பேசி, ஆடும் முறையிலிருந்து மருதுபாண்டியை நீக்கியது. ஊரில் யாரும் அவன் வேனுக்கு லோடு ஏற்றக் கூடாது என்றும் சொன்னது. அவன் மல்லாங்கிணறு பக்கம் போய் லோடு தேடிக்கொண்டான். முருகலட்சுமி ஒரு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போர்டை ஒரு காற்று கிழித்துப் போட்டது; திருப்பிக் கட்டுவோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒச்சம்மாளை ஊரைவிட்டுப் போகச் சொல்வதற்கும் யாருக்கும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவளோடு பேசுகிறவர்கள் பேசினார்கள், பேசாதவர்கள் பேசவில்லை.

ஆவணியில் ஒருநாள் திருச்சுழி ரோட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு அவள் வெயிலில் நடந்து போவதைப் பார்த்து, மருதுபாண்டி வேனை ஓரங்கட்டினான். "ஏறுங்க மதினி."

அவள் வேனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். அவனுக்கு முந்திக்கொண்டு போகவும் மனசில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுத்த பஸ் வந்து அவள் ஏறும்வரை, கியரை மாற்றாமல், அவளுக்குப் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டே போனான்.